துரு உண்ட கோதுமை

நெல்லை விளைவித்து நெல்லையே உண்டு வாழும் நமக்குக் கோதுமை ஒரு கடைச்சரக்கு. மாவாகவும் ரவையாகவும் பொட்டலத்தில் நம் இல்லம் வந்து சேர்கிறது. ரொட்டியாகவும் பராட்டாவாகவும் அல்வாவாகவும் நம் தட்டில் அமர்கிறது. அது எந்த வயலில் நின்றது, எந்த நோய்க்குத் தப்பி வந்தது என்று நாம் கேட்பதில்லை. நெற்பயிரைத் தாக்கும் குலை நோயையும் புகையானையும் நன்கறிந்த நம் உழவர்கள்கூட, கோதுமையின் பழம்பெரும் பகையாகிய துரு நோயைக் கேள்விப்பட்டிருப்பது அரிது.

ஆயினும் அந்நோயின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நடு இந்தியாவின் கோதுமை வயல்களைப் பாழாக்கிய நோயின் ஊற்றுக்கண் தமிழகத்தின் நீலகிரியிலும் பழனி மலையிலும் இருந்தது. அதனைக் கண்டறிந்தவர் ஆக்ராவில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்துவந்த பேராசிரியர். எங்கோ ஒரு மலைச்சரிவில் ஏழை ஒருவன் விதைத்த சிறு பயிர், ஆயிரம் மைலுக்கு அப்பால் முகமறியாத இன்னொருவனின் களத்தை வெறுமையாக்க முடியும் என்பதை அவர் உலகுக்கு எடுத்துக்காட்டினார். அந்த வரலாற்றையே இக்கட்டுரை கூற முற்படுகிறது.

பழைய பகை

கோதுமை எவ்வளவு பழமையானதோ, அதன் துருவும் ஏறத்தாழ அவ்வளவு பழமையானது. பண்டைய ரோமானியர் ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் நாள் ஒரு விழா எடுத்தனர். ரோபிகஸ் என்னும் துருத் தெய்வத்தின் சினத்தைத் தணிக்க அன்று நாயைப் பலியிட்டனர். கதிர் முற்றும் பருவத்தில் பயிர் செந்நிறமாகிப் பதராவதைக் கண்டு அஞ்சிய மக்களின் சடங்கு அது.

அரபு மொழியில் 'யரகான்' என்றொரு சொல் உண்டு. மனிதனுக்கு வரும் மஞ்சட்காமாலையை அது குறிக்கும். பயிர் வெளிறி மஞ்சளித்துப் போகும் நோயையும் அச்சொல்லே குறிக்கும். உடலில் குருதி கெட்டால் கண் மஞ்சளிப்பதுபோல, பயிர் கெட்டால் இலை மஞ்சளிக்கிறது என்று கண்ட உழவனின் பார்வை அச்சொல்லில் பதிந்திருக்கிறது. வட இந்திய உழவர்கள் காவிக்கல்லைக் குறிக்கும் 'கேரு' என்ற சொல்லிலிருந்து 'கேருயி' என்று இந்நோய்க்குப் பெயரிட்டனர். நோயுற்ற வயலில் நடந்து வந்தவனின் கால்களும் ஆடையும் காவித்தூள் பட்டதுபோல் சிவந்துவிடும். அதனினும் பொருத்தமான பெயரை எவரும் சூட்டியிருக்க முடியாது.

இது கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிர் செய்யும் வேலை என்பதை 1767-இல் இத்தாலியில் ஃபொண்டானா, தார்ஜோனி டொசெட்டி என்னும் இருவர் தனித்தனியே ஆராய்ந்து கூறினர். அச்செய்தி இந்திய உழவனின் குடிசையை எட்ட மேலும் ஒரு நூற்றாண்டுக்குமேல் ஆயிற்று.

நர்மதைக் கரையில்

வழிப்பறிக் கொலைஞர்களான தக்கர்களை ஒடுக்கியவர் என்று வரலாறு நினைவுகூரும் வில்லியம் ஸ்லீமன், நர்மதைப் பள்ளத்தாக்கில் ஆங்கில அதிகாரியாகப் பணியாற்றியவர். 1844-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில், அப்பகுதிக் கோதுமைக்கு நேர்ந்த பேரழிவை அவர் விரிவாகப் பதிவு செய்துள்ளார். இருபது மைல் நீளமும் பத்து மைல் அகலமுமாக இடைவெளியின்றிப் பரந்துகிடந்த வளமான கோதுமைப் பரப்பு முழுவதும் இந்நோயால் அழிந்தது. நான்கு வயல்களில் ஒன்றைக்கூட அறுத்தெடுக்கும் செலவை மக்கள் ஏற்கவில்லை என்று அவர் எழுதுகிறார். அறுப்புக் கூலிக்கும் பெறுமதியற்றுப் போன விளைச்சல் எத்தகையது என்பதை உழவுக் குடியில் பிறந்தவர்கள் உணர்வார்கள்.

காரணம் என்ன என்று மக்கள் ஒருவரையொருவர் வினவினர். தம்மிடையே பெருகிவிட்ட பாவங்களுக்கு இது தண்டனை என்று கருதியோர் உண்டு. ஆட்சியாளர் பழைய ஒழுக்கக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதே காரணம் என்றோரும் உண்டு. அவர்களை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. வானம் பொய்க்கவில்லை, விதை கெடவில்லை, உழைப்பில் குறையில்லை. இருந்தும் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் பசும்பயிர் செந்தூளாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத பகைவனுக்குப் பெயரிட முடியாதவன் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வது இயல்பு.

1906-இல் பட்லர், ஹேமன் என்னும் இரு அறிஞர்கள் இந்தியக் கோதுமைத் துருக்களைப் பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர். துருவினால் ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு 4 கோடி ரூபாய் என்று அன்றைய மதிப்பில் அவர்கள் கணக்கிட்டனர்.

நோயின் இயல்பு

கோதுமையைத் தாக்கும் துருக்கள் மூன்று. தண்டைத் தாக்குவது கருந்துரு. இலையில் வரிவரியாக மஞ்சள் கோடிடுவது மஞ்சள் துரு. இலை முழுவதும் ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறத்தில், கடுகினும் சிறிய கொப்புளங்களாகச் சிதறித் தோன்றுவது பழுப்புத் துரு; இலைத்துரு என்றும் இதனை அழைப்பர். மூன்றும் பூசண இனத்தைச் சேர்ந்தவை. நெருங்கிய உறவினர் என்றே கூறலாம்.

இலை என்பது பயிரின் சமையற்கட்டு. சூரிய ஒளியைக்கொண்டு அங்குச் சமைக்கப்படும் உணவே கதிருக்குச் சென்று மணியாகிறது. துரு அந்தச் சமையற்கட்டிலேயே குடியேறி, சமைத்ததைத் தானே உண்டுவிடுகிறது. பயிர் உடனே மடிவதில்லை; ஆனால் மணி சுருங்கிப் பதராகிறது. ஒவ்வொரு கொப்புளமும் வெடிக்கும்போது ஆயிரக்கணக்கான நுண்வித்துகள் தூளாய் வெளிப்படுகின்றன. காற்று அவற்றை அடுத்த வயலுக்கும், அதற்கடுத்த மாவட்டத்துக்கும் எடுத்துச் செல்கிறது. இதமான குளிரும், இலைமீது சில மணி நேரம் தங்கி நிற்கும் பனித்துளியும் போதும். அந்த வித்து முளைத்து இலைக்குள் புகுந்துவிடும். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அங்கே புதிய கொப்புளங்கள் தோன்றும். ஒன்று பலவாகி, பல எண்ணற்றவையாகப் பெருகுவதற்கு ஒரு குளிர்காலமே போதுமானது.

இதில்தான் ஒரு புதிர் மறைந்திருந்தது. இந்தப் பூசணம் உயிருள்ள பயிரின்மீது மட்டுமே வாழவல்லது. காய்ந்த வைக்கோலிலோ மண்ணிலோ அது நிலைப்பதில்லை. வட இந்தியச் சமவெளியில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோதுமை அறுவடை முடிந்துவிடும். அதன்பின் மே, ஜூன் மாதங்களின் அனற்காற்றில் வயலில் பசுமையும் இராது, வித்துகளும் உயிர் பிழைக்கா. அவ்வாறாயின், அடுத்த குளிர்காலத்தில் துரு மீண்டும் எங்கிருந்து வருகிறது?

மேலை நாட்டார் ஒரு விடை வைத்திருந்தனர். கருந்துரு தன் வாழ்வின் ஒரு பகுதியைப் பார்பெரி என்னும் முட்செடியின்மீது கழிக்கிறது என்பதை 1865-இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி நிறுவியிருந்தார். அமெரிக்கர் 1918-இல் பெரும் இயக்கமொன்றைத் தொடங்கி அச்செடிகளைக் கோடிக்கணக்கில் வேரோடு அகற்றினர். இமயமலையிலும் பார்பெரி இனச் செடிகள் உண்டு. ஆதலால் இந்தியாவிலும் அவையே குற்றவாளிகள் என்று எண்ணுவது எளிதாயிருந்தது.

ஆக்ராவின் பேராசிரியர்

அந்த எளிய விடையை ஏற்க மறுத்தவர் கரம்சந்த் மேத்தா. 1892-இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பயிற்சி பெற்றுத் திரும்பி, ஆக்ரா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். 1920-களின் தொடக்கத்தில் இப்பணியில் இறங்கிய அவர், வாழ்நாளின் இறுதிவரை அதனைக் கைவிடவில்லை.

அவர் கையாண்ட முறை எளிமையானது. ஆனால் எல்லையற்ற பொறுமையை வேண்டுவது. சமவெளியின் கோடை வெப்பத்தில் துரு வித்துகள் உயிரோடிருக்கின்றனவா என்று சோதித்தார். இல்லை என்று கண்டார். அடுத்து மலைகளை நோக்கினார். குளிர்ந்த மலைப்பகுதிகளில் கோடையிலும் கோதுமைப் பயிர் நிற்கிறது. அறுவடையில் சிந்திய மணிகள் தாமே முளைக்கின்றன. அறுத்த தாளிலிருந்து புதுத் தூர்கள் கிளைக்கின்றன. அவற்றின் இலைகளில் துரு உயிரோடு உறங்காமல் இருப்பதை அவர் கண்டார். பல ஊர்களில் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, அவற்றில் ஒட்டும் வித்துகளை நுண்ணோக்கியில் எண்ணச் செய்தார். வயலில் நோய் தோன்றுமுன்னரே வித்துகள் காற்றில் வந்துவிடுவதை அத்தகடுகள் காட்டின. இந்திய மலைகளிலுள்ள பார்பெரிச் செடிகளுக்கு ஆண்டுதோறும் நிகழும் இந்தப் பரவலில் பங்கில்லை என்ற முடிவுக்கும் அவர் வந்தார்.

1929-இல் இந்திய அறிவியல் மாநாடு சென்னையில் கூடியது. அதன் தாவரவியல் பிரிவுக்குத் தலைமையேற்ற மேத்தா, இந்தியாவில் கோதுமைத் துரு ஆண்டுதோறும் மீண்டும் தோன்றுவது எவ்வாறு என்பதையே தம் உரையின் பொருளாகக் கொண்டார். 1930-இல் சிம்லாவின் ஃபிளவர்டேல் என்னுமிடத்தில் அவருடைய முயற்சியால் துரு ஆய்வுக்கூடம் ஒன்று உருவாயிற்று. 1940-இல் அவருடைய ஆய்வு நூலின் முதற்பகுதி வெளிவந்தது. இரண்டாம் பகுதி 1952-இல் அச்சேறியபோது அதைக் காண அவர் இல்லை. 1950-இலேயே அவர் மறைந்துவிட்டார்.

அவர் கண்ட முடிவின் சாரம் இதுதான்: துருவுக்கு இந்தியாவில் இரு கோடை வாசத்தலங்கள் உண்டு. வடக்கே இமயமலை, தெற்கே நீலகிரியும் பழனி மலையும். மஞ்சள் துரு வடக்கிலிருந்து இறங்குகிறது. இலைத்துரு இரு திசைகளிலிருந்தும் வருகிறது. நடு இந்தியாவையும் தக்காணத்தையும் அச்சுறுத்திய கருந்துருவுக்கோ தென்மலைகளே முதன்மையான பிறப்பிடம். பருவக்காற்று அவற்றைத் தேரில் ஏற்றிச் செல்வதுபோல் சமவெளிக்குக் கொண்டுசெல்கிறது.

மலைவாழ் உழவனின் கேள்வி

நோயின் ஊற்று தெரிந்தபின், அதனை அடைப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. நீலகிரியில் படகர் முதலியோர் தம் சிறு நிலங்களில் கோதுமையும் வாற்கோதுமையும் விளைவித்துவந்தனர். அங்கே ஆண்டின் ஒரு பருவத்துக்கு மட்டும் என்றில்லாமல், கோடையிலும் பயிர் நின்றது. அந்தக் கோடைப் பயிரை நிறுத்திவிட்டால், தாமே முளைக்கும் செடிகளையும் அழித்துவிட்டால், துருவின் சங்கிலி அறுந்துவிடும் என்பது மேத்தாவின் பரிந்துரை. அறிவியலின்படி அது நேரிய வழியே.

ஆனால் நீதியின்படி? நர்மதைக் கரையில் ஆயிரம் ஏக்கர் உடையவனின் விளைச்சல் காக்கப்பட, நீலகிரியில் கால் ஏக்கர் வைத்திருப்பவன் தன் அடுப்பை அணைக்க வேண்டுமா? அவன் வயலில் நோய் வந்தால் அவனுக்கும் இழப்புதான். பிறருக்குத் தீங்கு செய்ய வேண்டும் என்று அவன் விதைக்கவில்லை. அதே வேளையில், தன் நிலத்தில் நடப்பது தன் வேலிக்குள் அடங்கிவிடும் என்று எந்த உழவனும் சொல்ல முடியாது என்பதும் உண்மையாயிற்று. தடை போடுவது எளிது. தடைக்குப் பதிலாக எதைக் கொடுப்பது என்பதே கடினமான கேள்வி.

விடை விதையிலிருந்து வந்தது.

காக்கும் விதை

கேம்பிரிட்ஜில் பிஃபென் என்னும் அறிஞர் 1905-இல் ஓர் உண்மையை வெளியிட்டிருந்தார். மஞ்சள் துருவை எதிர்த்து நிற்கும் ஆற்றல், தாய் தந்தையின் சாயல் பிள்ளைக்கு வருவதுபோல, பயிரின் பரம்பரையில் இறங்குகிறது என்பதே அது. அதே பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய பெஞ்சமின் பியரி பால், 1930-களில் இந்தியக் கோதுமையில் அவ்வழியைப் பின்பற்றத் தொடங்கினார். மேத்தா நோயின் வழித்தடத்தைத் தேடினார். பால் நோயைத் தாங்கும் பயிரைத் தேடினார்.

அத்தேடல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1946-47-ஆம் ஆண்டின் குளிர்காலம் காட்டியது. நடு இந்தியாவில் கருந்துரு கொள்ளை நோயாகப் பரவி, ஏறத்தாழ 20 லட்சம் டன் கோதுமையை அழித்தது. வங்கப் பஞ்சத்தின் வடு ஆறாத நேரம். பங்கீட்டுக் கடைகளின் முன் மக்கள் வரிசையாய் நின்ற காலம். விடுதலையின் வாயிலில் நின்ற ஒரு நாடு, தன் மக்களுக்கான உணவைக் கடலுக்கப்பால் கேட்டு நிற்க நேர்ந்த நிலைக்கு இத்துருவும் ஒரு காரணமாயிற்று. பல ஆண்டு உழைப்பின் பயனாக 1954-இல் பாலும் அவர்தம் குழுவினரும் என்.பி. 809 என்னும் வகையை வெளியிட்டனர். மூன்று துருக்களையும் தாங்கும் ஆற்றல் அதில் ஒருங்கே அமைந்திருந்தது.

இங்கே நம் அடுக்களைக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. நாம் சம்பா கோதுமை என்று வாங்கிக் கஞ்சிக்கும் பாயசத்துக்கும் பயன்படுத்துகிறோமே, அது சாதாரணக் கோதுமையின் இனமன்று. உமி எளிதில் நீங்காத தொன்மையான வேறோர் இனம். மராட்டியத்தில் அதனைக் கப்ளி என்பர். கருந்துருவின் வகைகளைப் பிரித்தறிய அமெரிக்க அறிஞர் ஸ்டேக்மனும் அவர் குழுவினரும் தேர்ந்தெடுத்த 12 கோதுமைகளுள் இந்தியாவின் கப்ளியும் ஒன்று. பல துரு வகைகள் பிற கோதுமைகளை வீழ்த்தியபோதும் இது நிமிர்ந்து நின்றது. ஏழையின் கஞ்சித் தானியம் உலகின் ஆய்வுக்கூடங்களில் அளவுகோலாயிற்று.

நீலகிரியின் வெல்லிங்டனில் 1950-களில் இந்திய வேளாண் ஆய்வு நிறுவனத்தின் கிளை நிலையம் அமைக்கப்பட்டது. துரு ஆண்டு முழுவதும் இயற்கையாகவே வாழும் இடமாதலால், புதுப்புது வகைகளின் எதிர்ப்பாற்றலைச் சோதிக்க அதனினும் சிறந்த களம் இல்லை. அங்கே துருவைத் தாங்கும் கோதுமைகளும், சம்பா இனத்தில் மேம்பட்ட வகைகளும் உருவாக்கப்பட்டன. மலை உழவன் விதைப்பதை நிறுத்த வேண்டியதில்லை; துருவுக்கு இடம்தராத விதையை விதைத்தால் போதும். அவன் வயல் பசுமையாயிருக்கும். சமவெளிக்குச் செல்லும் வித்தும் குறையும். பிற்காலத்தில் தேயிலையும் உருளைக்கிழங்கும் காய்கறிகளும் பரவி, மலையில் கோதுமைப் பரப்பு தானாகவே சுருங்கியது வேறு செய்தி.

புயலின் தோளில்

மலையில் பிறக்கும் தூள் எந்நாளில் எவ்வழியே சமவெளியை அடைகிறது என்பதை மேத்தாவுக்குப் பின்வந்தோர் மேலும் தெளிவாக்கினர். 1975-இல் நாகராஜனும் சிங்கும் வெளியிட்ட 'இந்தியக் கருந்துரு விதிகள்' இத்துறையில் புகழ்பெற்றவை. பருவமழைக் காலத்தின் இறுதியில் எழும் புயலின் சுழற்சி, நீலகிரி, பழனி மலைகளின் மேலுள்ள வித்துகளை உயரத் தூக்கி நடு இந்தியாவை நோக்கிச் செலுத்துகிறது. அங்கே பெய்யும் மழை அவற்றை இளம்பயிர்மீது இறக்கிவிடுகிறது. எந்தக் காற்று, எந்த மழை என்று அறிந்தால், நோய் தோன்றுமுன்னரே அதனை எதிர்பார்க்கலாம். கடலோர ஊர்களில் வாழும் நாம் அஞ்சி நோக்கும் அதே ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள், நடு இந்தியக் கோதுமைக்கும் இவ்வாறு ஒரு சேதி சுமந்து செல்கின்றன.

வென்றும் முடியாத போர்

துரு ஒரு முறை தோற்றால் ஓய்ந்துவிடும் பகையன்று. 1967-இல் மெக்சிகோ வழிவந்த கல்யாண் சோனா, சோனாலிகா ஆகிய குட்டை வகைகள் இந்தியாவில் வெளியிடப்பட்டன. விளைச்சல் பெருகியது, பசுமைப் புரட்சி என்று நாடு மகிழ்ந்தது. உழவர்கள் கல்யாண் சோனாவையே எங்கும் விதைத்தனர். ஒரே வகைப் பயிர் கண்ணுக்கெட்டிய தொலைவும் பரந்து நிற்பது மனிதனுக்கு அழகாகத் தோன்றும். துருவுக்கோ அது ஒரே சாவியால் திறக்கக்கூடிய ஆயிரம் வீடுகள். அப்பயிரை வீழ்த்தவல்ல புதிய இலைத்துரு வகைகள் தோன்றின. 1971-72, 1972-73 ஆண்டுகளில் வடமேற்கு இந்தியாவில் பல லட்சம் டன் இழப்பு நேர்ந்தது. 1978-இல் பாகிஸ்தானின் கோதுமையும் துருவுக்குப் பெரும் இரையாயிற்று.

அதன்பின் அறிஞர்கள் பாடம் கற்றனர். வெவ்வேறு எதிர்ப்பாற்றல் கொண்ட பல உடன்பிறப்புகளை ஒரே விதையாகக் கலந்து, 'பலவழிக் கோதுமை' என்று 1970-களின் இறுதியில் வெளியிட்டனர். ஒரு பகுதிக்கு ஒரே வகை என்னும் பழக்கத்தைத் தவிர்க்க வற்புறுத்தினர். இருந்தும் மனிதனின் மறதி பெரிது. 1995-இல் வந்த பி.பி.டபிள்யூ. 343 என்னும் வகை பஞ்சாப், அரியானா வயல்களை நிறைத்தது. சில ஆண்டுகளில் மஞ்சள் துரு அதன் சாவியையும் கண்டுகொண்டது. உகாண்டாவில் 1998-இல் காணப்பட்டு 'யூ.ஜி. 99' என்று பெயர்பெற்ற புதிய கருந்துரு, 2007-இல் ஈரானில் கண்டறியப்பட்டபோது தெற்காசியா முழுவதும் கவலை கொண்டது. இந்திய வகைகள் கென்யாவுக்கு அனுப்பப்பட்டு அத்துருவின் முன் சோதிக்கப்பட்டன. நோய் வாசலுக்கு வருமுன்னரே மருந்தைத் தேடும் முன்னெச்சரிக்கை அது.

இன்று வயலில் நோயின் முதல் அறிகுறி தென்பட்டதும் தெளிக்கத்தக்க பூசணக்கொல்லி மருந்துகள் உள்ளன. எனினும் மருந்து விலையுடையது. ஏழை உழவனுக்கு எதிர்ப்பாற்றல் உள்ள விதையே செலவற்ற மருந்து. மேத்தா தொடங்கிய ஃபிளவர்டேல் நிலையத்துக்குப் பல மாநிலங்களிலிருந்தும் துருப்பிடித்த இலைகள் உறைகளில் வந்து சேர்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட துரு வகைகள் அங்கே உயிரோடு காக்கப்படுகின்றன. புதிய கோதுமை எதுவாயினும் அந்தப் பகைவர்களின் முன் நிறுத்தப்பட்டு, தேறிய பின்னரே உழவன் கைக்குச் செல்லும்.

நர்மதைக் கரையில் அன்று தம் பாவத்தைத் தேடிய மக்களுக்கு, துரு எங்கிருந்து வந்தது என்று சொல்ல எவரும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின், கண்ணாடித் தகட்டில் ஒட்டிய தூளை எண்ணிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர் அதனைச் சொன்னார். அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர், இன்றும் தொடர்கின்றனர். அடுத்த முறை அடுப்பில் சம்பா கோதுமைக் கஞ்சி கொதிக்கும்போது, அந்தத் தானியம் கடந்துவந்த வழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் மலையின் காற்று யார் வயலைத் தொடுகிறது என்பதை அவர்கள் அறிந்திருப்பது நல்லது.